பழைய காருக்குப் புதுக் கண்



சென்ற மாதம் நமது ஞாயிறு காலை நிகழ்ச்சியில், பழைய காரைக் குறைந்த செலவில் எப்படிச் சீராக்கலாம் என்று பத்து நிமிடம் பேசியிருந்தேன். நிகழ்ச்சி முடிந்து நான் கலையகத்தை விட்டு வெளியே வருவதற்குள் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிட்டன. "அண்ணை, அந்த லைற் மினுக்கிற சாமானை எங்கே வாங்கலாம்?", "தம்பி, எங்கட காரும் உங்கட கார் மாதிரிக் கிழடுதான், செலவழிக்கலாமோ?" என்று கேட்டார்கள். பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய விடயம் இது அல்ல. ஆகவே விரிவாக எழுதித் தருகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் கார் திருத்துபவன் அல்ல. வணிகம் படித்த கணக்காளன். மற்றவர்களுடைய வரவு செலவைப் பார்ப்பதுதான் என் தொழில். எனவே இந்தக் கட்டுரையில் ஸ்பனரை விடப் பேனாவின் சத்தம்தான் கூடக் கேட்கும்.

கண் வைத்தியரிடம் போன கதை

எங்கள் வீட்டில் நிற்பது 2008ஆம் ஆண்டு ரொயோற்றா யாரிஸ், பெற்றோல் கார். என் மனைவி லண்டனின் வடமேற்குப் பக்கத்தில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலை செய்கிறார். பிற்பகல் வேலை என்றால் வீடு திரும்ப இரவு பத்தரை மணி ஆகும்.

2023 மார்ச் மாதம், தூறல் விழுந்துகொண்டிருந்த ஓர் இரவு. கறுப்பு மேலங்கி போட்ட ஒரு வயதானவர் பாதசாரிக் கடவையில் நடந்துகொண்டிருந்திருக்கிறார். அவர் பாதி வீதி கடந்த பிறகுதான் மனைவியின் கண்ணில் பட்டிருக்கிறார். பிறேக்கை அழுத்த, கார் வழுக்கி, அவருக்கு ஒரு முழத்துக்கு முன்னால் போய் நின்றிருக்கிறது. அவர் ஒன்றும் சொல்லாமல் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டாராம். வீட்டுக்கு வந்த மனைவி மேலங்கியைக் கூடக் கழற்றாமல் குசினிக் கதிரையில் இருந்துவிட்டார்.

"என்னப்பா, எனக்குக் கண் மங்கிப்போச்சுப் போல கிடக்கு. இனி நான் இரவிலை ஓடமாட்டன்" என்றார்.

இரவு வேலையை விட்டால் வீட்டு வரவில் மாதம் ஒரு பெரிய துண்டு விழும். அதைவிட, இருபது வருடமாகத் தானே ஓடித் திரிந்த ஒருவர் திடீரென்று பயந்து ஒதுங்குவதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. அடுத்த நாளே கண் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். பரிசோதித்தவர் சொன்னார்: "உங்கள் கண்ணாடி சரியாகத்தான் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் இருந்த பார்வைதான் இப்போதும் இருக்கிறது."

அன்று பின்னேரம் காரைச் சுற்றி நடந்து பார்த்தேன். அப்போதுதான் விளங்கியது. கண் மங்கியது மனைவிக்கு அல்ல, காருக்கு. முன்விளக்குகள் இரண்டும் பழைய மஞ்சள் சவர்க்காரம் மாதிரி இருந்தன. வைப்பர் இறப்பர் ஓரத்தில் கிழிந்திருந்தது. கண்ணாடியின் உட்புறத்தில் விரலால் தொட்டால் எண்ணெய்ப் படலம். ரயர்களைப் பிறகு சொல்கிறேன். தினமும் அதே காரைப் பார்ப்பதால் அது மெல்ல மெல்லக் கெட்டுப்போனது எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை.

புதுக் கார் எடுப்பதா?

எங்கள் ஆட்களின் முதல் யோசனை புதுக் கார்தான். நானும் விதிவிலக்கல்ல. ஒரு விற்பனை நிலையத்தில் விசாரித்தேன். முற்பணம் 1,000 பவுண், பிறகு மாதம் 165 பவுண் வீதம் 48 மாதம். 165ஐ 48ஆல் பெருக்கினால் 7,920 பவுண். முற்பணத்தோடு 8,920. எங்கள் யாரிஸின் இயந்திரத்திலோ கியரிலோ ஒரு குறையும் இல்லை. மங்கிய விளக்குக்காக இவ்வளவு பெரிய கடனா?

ஆனால் பழைய காரில் ஒரு பென்ஸ் செலவழிக்க முன்பும் மூன்று விடயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, லண்டனில் இருப்பவர்களுக்கு யூலெஸ் கட்டணம். 2019 ஏப்ரலில் மத்திய லண்டனில் தொடங்கி, 2021 ஒக்ரோபரில் விரிந்து, 2023 ஓகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா நகரசபைப் பகுதிகளுக்கும் வந்துவிட்டது. பெற்றோல் கார் யூரோ 4 தரமும், டீசல் கார் யூரோ 6 தரமும் இருக்க வேண்டும். பொதுவாக 2006க்குப் பின் பதிவான பெற்றோல் கார்கள் தப்பிவிடும். டீசல் என்றால் பெரும்பாலும் 2015 செப்ரெம்பருக்குப் பின் பதிவானவைதான் தப்பும். தப்பாத காருக்கு நாளுக்கு 12.50 பவுண். கிழமைக்கு 5 நாள், வருடத்தில் 48 கிழமை வேலைக்குப் போனால் 3,000 பவுண்! அப்படியான காருக்குப் புது விளக்கும் வேண்டாம், புது ரயரும் வேண்டாம். மறுபக்கம், எனக்குத் தெரிந்த ஒருவர் யாரோ சொன்னதைக் கேட்டுப் பயந்து, தரத்துக்குள் இருந்த நல்ல பெற்றோல் காரையே அரைவிலைக்கு விற்றுவிட்டார். இலக்கத்தகட்டு எண்ணைக் கொடுத்தால் லண்டன் போக்குவரத்துத் துறையின் இணையத்தளம் ஒரு நிமிடத்தில் பதில் சொல்லும். கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இரண்டாவது, எம்.ஓ.ரி. வரலாறு. அரசாங்க இணையத்தளத்தில் உங்கள் காரின் முந்தைய பரிசோதனைகள் எல்லாவற்றையும் இலவசமாகப் பார்க்கலாம். எதில் தவறியது, எதைக் கவனிக்கச் சொன்னார்கள் என்று வரிசையாக இருக்கும். ஒரே குறை வருடாவருடம் திரும்பி வருகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, துரு. வெளியே கதவில் தெரியும் துரு அழகுக் குறைதான். ஆனால் அடிச்சட்டத்திலோ, சில்லுகளைத் தாங்கும் இடங்களிலோ துரு தின்றிருந்தால் அந்தக் காருக்கு விடைகொடுப்பதே நல்லது.

எங்கள் கார் மூன்றிலும் தேறியது.

மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர்

இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தபோது என் பெரியப்பாவின் மொறிஸ் மைனர் ஞாபகம் வந்தது. 1990க்குப் பின் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலம் உங்களில் பலருக்கு மறந்திருக்காது. பெற்றோல் சின்னப் போத்தலில் வந்தது, தங்கம் விற்ற விலை. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடுவோம். பின்னால் வரும் புகையில் ஊரே இருமும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டோம். அந்த வானொலிதான் என்னை இன்று இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் கொண்டுவந்து இருத்தியது என்று நினைக்கிறேன்.

1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் எங்கள் அப்பம்மாவைத் தென்மராட்சிக்குக் கொண்டுபோனது அந்த மொறிஸ்தான். நடையிலும் மெதுவாக நகர்ந்தது, ஆனால் நிற்கவில்லை. பெரியப்பா அதற்கு வெள்ளிப்பூண் ஏதும் பூட்டி வைத்திருக்கவில்லை. பிறேக்கும் ரயரும் விளக்கும் மட்டும் எப்போதும் சரியாக இருக்கும். "காருக்கு மூண்டு வேலை தம்பி. பாக்கவேணும், பிடிக்கவேணும், நிக்கவேணும். ஓட்டம் பிறகு" என்பார்.

அந்த மூன்றையும்தான் நான் என் செலவுப் பட்டியலின் தலைப்பாக வைத்துக்கொண்டேன். ஒரேயொரு வேறுபாடு. அங்கே வழியில்லாமல் எதையும் எதற்கும் பூட்டினோம். இங்கே சட்டமும் காப்புறுதியும் இருக்கின்றன. அங்கே கெட்டித்தனமாக இருந்தது இங்கே குற்றமாகலாம். அதையும் இடையிடையே சொல்கிறேன்.

முதல் வேலை: முன்விளக்கை மினுக்குதல்

இன்றைய கார்களின் முன்விளக்கு மூடி கண்ணாடி அல்ல. பொலிகாபனேற் என்ற பிளாஸ்ரிக். அதன் மேல் சூரியனின் புறஊதாக் கதிரைத் தடுக்கும் ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் பூச்சுத் தேய்ந்து, பிளாஸ்ரிக் மஞ்சளாகும். அமெரிக்க வாகன ஓட்டிகளின் சங்கமான ஏ.ஏ.ஏ. 2018இல் சோதித்தபோது, நன்றாக மங்கிய விளக்கு புதிய விளக்கின் ஒளியில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் தந்தது. மினுக்கிய பிறகு ஏறத்தாழ 70 வீதம் திரும்பிக் கிடைத்தது.

கார்ச் சாமான் கடைகளில் இதற்கான பெட்டி 15 முதல் 25 பவுணுக்குள் கிடைக்கும். நான் 18 பவுணுக்கு வாங்கினேன். ஏப்ரலில் மழையில்லாத ஒரு சனிக்கிழமை, என் மகளும் நானும் வீட்டு வாசலில் செய்தோம். செய்யும் முறை இது:

விளக்கைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள். சுற்றியுள்ள பெயின்ற் பகுதியை ஒட்டுநாடாவால் இரண்டு சுற்று மூடுங்கள். இதைச் செய்யாவிட்டால் காரின் பெயின்றும் சேர்ந்து போகும். பிறகு பெட்டியில் உள்ள மண்கடதாசிகளில் கரடானதில் தொடங்குங்கள். எங்கள் பெட்டியில் 1000, 2000, 3000 என்று இருந்தன. இலக்கம் கூடக்கூட மென்மை கூடும். கடதாசியும் விளக்கும் எப்போதும் ஈரமாக இருக்கவேண்டும். தேய்க்கும்போது முதலில் மஞ்சள் தண்ணீர் வடியும். அது வெள்ளைத் தண்ணீராக மாறும்வரை தேய்த்துவிட்டு அடுத்த கடதாசிக்குப் போகலாம்.

இந்தக் கட்டத்தில் விளக்கு முன்பை விட மோசமாக, பால் ஊற்றியது போலத் தெரியும். என் மகள் "அப்பா, பழுதாக்கிப் போட்டம்!" என்று கத்திவிட்டாள். பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். மினுக்கும் பசையைப் போட்டுத் தேய்க்கத் தெளிவு வந்துவிடும்.

கடைசிப் படிதான் முக்கியம். நன்றாகக் காயவிட்டு, புறஊதாக் கதிர்ப் பாதுகாப்புப் பூச்சைப் பூசவேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பற்பசையால் மினுக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. பற்பசை அன்றைக்குப் பளிச்சென்று காட்டும், பாதுகாப்புப் பூச்சு இல்லாததால் சில மாதத்தில் பழையபடி மஞ்சளாகும். பூசியபின் ஒரு நாளாவது ஈரம் படாமல் விடுங்கள்.

விளக்கின் உள்ளே ஈரம் பிடித்திருந்தாலோ, உள்ளிருக்கும் வெள்ளித் தகடு கறுத்திருந்தாலோ வெளியே தேய்த்துப் பயனில்லை. விளக்குத் தொகுதியையே மாற்றவேண்டும்.

இரண்டாவது வேலை: பல்ப்

விளக்கோடு பல்ப்பையும் மாற்றினோம். எங்கள் காருக்கு எச்4 வகை. இரண்டு 16 பவுண். ஒன்று எரிந்து போனாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். மற்றதும் அதே வயதுதான். காரை நிறுத்தி, விளக்கு ஆறிய பிறகு மாற்றவேண்டும். பல்ப்பின் கண்ணாடியைக் கையால் தொடக்கூடாது. விரலில் உள்ள எண்ணெய் சூட்டில் ஓரிடத்தை எரித்து பல்ப்பின் ஆயுளைக் குறைக்கும். பெட்டியில் வட்டத்துக்குள் 'ஈ' எழுத்தும் ஓர் இலக்கமும் உள்ள பல்ப்பாகப் பார்த்து வாங்குங்கள். வீதியில் பாவிக்க அங்கீகாரம் பெற்றது என்பதற்கு அது அடையாளம்.

இங்கேதான் இளம் பிள்ளைகள் பிழை விடுகிறார்கள். என் மருமகன் ஒருவன் இணையத்தில் 30 பவுணுக்கு எல்.ஈ.டி. பல்ப் வாங்கிப் பழைய ஹலஜன் விளக்குக்குள் பூட்டினான். சுவரில் அடித்துப் பார்க்க வெள்ளையாகப் பகல் மாதிரி இருந்தது. ஆனால் அந்த விளக்கின் வெள்ளித் தகட்டை வளைத்திருப்பது ஹலஜன் பல்ப்பின் இழை இருக்கும் புள்ளிக்கு ஏற்றபடி. எல்.ஈ.டி.யின் ஒளி வேறு இடத்திலிருந்து வருவதால் வீதியில் விழவேண்டிய வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் விழுகிறது. 2021 ஜனவரியில் எம்.ஓ.ரி. பரிசோதகர்களின் கைநூலில் இது தெளிவாகவே எழுதப்பட்டது: ஹலஜன் விளக்கை இப்படி மாற்றியிருந்தால் காரைத் தேறவிடக்கூடாது. மருமகனின் கார் தேறவில்லை. பழைய பல்ப்பைத் திரும்பப் பூட்டிக்கொண்டு போனான். 30 பவுணும் ஓர் அரைநாளும் நட்டம். எல்.ஈ.டி. விளக்கோடு தொழிற்சாலையிலிருந்தே வந்த கார்களுக்கு இந்தத் தடை பொருந்தாது.

மூன்றாவது வேலை: கண்ணாடி

வைப்பர் இறப்பர் சோடி 17 பவுண். மாற்ற ஐந்து நிமிடம். பழையதைக் கழற்றியதும் வெறும் வைப்பர்க் கையைக் கண்ணாடியில் அடிக்கவிடாதீர்கள், கண்ணாடி வெடிக்கும். அடியில் ஒரு தடித்த துவாயைப் போட்டுவையுங்கள்.

கண்ணாடியின் உட்புறத்தைத் துடைக்கச் செலவே இல்லை. காரின் உள்ளிருக்கும் பிளாஸ்ரிக் சூட்டில் வெளிவிடும் ஆவி கண்ணாடியில் ஒரு படலமாகப் படியும். இரவில் எதிர் விளக்கு பட்டதும் முழுக் கண்ணாடியும் பால்போலத் தெரிவது இதனால்தான். இரண்டு சுத்தமான துணி வேண்டும். ஒன்றால் துடைத்து மற்றதால் உலர்த்தவேண்டும். மனைவி "பாதி வியாதி இதிலேயே மாறிட்டுது" என்றார்.

அடுத்தது கபின் பில்ரர். காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கடதாசிப் பெட்டி இது. எங்கள் யாரிஸில் இடப்பக்க ஆசனத்துக்கு முன்னால் உள்ள கையுறைப் பெட்டியின் பின்னால் இருக்கிறது. பெட்டியின் இரு பக்கங்களையும் உள்ளே அமுக்கினால் கீழே இறங்கும். பழைய பில்ரரை வெளியே இழுத்தபோது காய்ந்த இலையும் ஒரு கோழிச் சிறகும் வந்தன! புதியது 9 பவுண். அதில் உள்ள அம்புக்குறி காற்று ஓடும் திசையைக் காட்டும். பழையது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கவனித்து அதன்படி வையுங்கள். பில்ரர் அடைத்து ஈரமாக இருந்தால் கண்ணாடிக்குப் போகும் காற்றுக் குறையும், மூசல் பிடித்தால் இலேசில் போகாது.

இன்னொன்று. எங்கள் ஆட்கள் பலர் ஏ.சி. கோடைக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். ஏ.சி. காற்றில் உள்ள ஈரத்தை எடுத்துவிடும். குளிர்காலத்தில் சூட்டையும் ஏ.சி.யையும் சேர்த்துப் போட்டால் கண்ணாடி மூசல் விரைவாக விலகும்.

நான்காவது வேலை: ரயர்

ரயர் மாற்றுவது கடைக்காரரின் வேலை. பார்ப்பது நம் வேலை. சட்டப்படி, ரயரின் நடு முக்கால் அகலத்தில், முழுச் சுற்றிலும், தவாளிப்பின் ஆழம் 1.6 மி.மீ. இருக்கவேண்டும். 20 பென்ஸ் நாணயத்தைத் தவாளிப்புக்குள் நிறுத்துங்கள். நாணயத்தின் வெளி விளிம்புப் பட்டை வெளியே தெரிந்தால் ரயர் சட்டத்துக்கு வெளியே போயிருக்கலாம். ஒரே இடத்தில் பாராமல் பல இடத்தில் பாருங்கள்.

எங்கள் ரயரில் 3 மி.மீ. இருந்தது. சட்டப்படி சரி. பிறகு ஏன் வழுக்கியது? ரயரின் பக்கச் சுவரில் டி.ஓ.ரி. என்ற எழுத்துக்களின் வரிசையில் கடைசியாக நான்கு இலக்கம் இருக்கும். எங்களுடையதில் 2313. அதாவது 2013ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. பத்து வயது. இறப்பர் கல்லாகி, பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்புகள். அதே வருட எம்.ஓ.ரி.யில் தேறித்தான் இருந்தது. எம்.ஓ.ரி. என்பது அன்றைய நாளுக்கான சான்றிதழ். அடுத்த பன்னிரண்டு மாதத்துக்கான உத்தரவாதம் அல்ல.

நான்கு புது ரயர், ஒன்று 62 பவுண் வீதம் பூட்டுக்கூலியோடு 248 பவுண். முழுப் பட்டியலிலும் பெரிய செலவு இதுதான். பாவித்த ரயர் பாதி விலைக்குக் கிடைக்கும். முந்தைய காரில் அது என்ன அடி வாங்கியது என்று யாருக்கும் தெரியாது என்பதால் நான் வாங்கவில்லை. கூடவே 8 பவுணுக்கு ஒரு காற்றுமானி வாங்கினேன். எவ்வளவு காற்று வேண்டும் என்று சாரதிப் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். காலையில் ஓடமுன், ரயர் குளிராக இருக்கும்போது பார்க்கவேண்டும்.

புதிதாக ஓடும் பிள்ளைகள் உள்ள வீட்டார் இதைக் கவனமாக வாசியுங்கள். தேய்ந்த ரயர் ஒன்றுக்கு 2,500 பவுண் வரை தண்டமும் அனுமதிப்பத்திரத்தில் 3 புள்ளியும் விழலாம். சாரதிப் பரீட்சையில் சித்தியடைந்து இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளி சேர்ந்தால் அனுமதிப்பத்திரம் ரத்தாகும். எழுத்துப் பரீட்சை, ஓட்டப் பரீட்சை இரண்டையும் மீண்டும் எடுக்கவேண்டும். அப்போது பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்த என் மகள் இதைக் கேட்டதும் "அப்பா, ரெண்டு ரயர் தேஞ்சிருந்தா என்ர லைசென்ஸ் சரி!" என்றாள். அன்றிலிருந்து 20 பென்ஸ் நாணயம் ஒன்று அவளுடைய திறப்புக் கோர்வையோடு இருக்கிறது. காருக்குச் சொந்தக்காரர் அப்பாவாக இருக்கலாம். புள்ளி விழுவது ஓடுகிறவருக்கு.

ஐந்தாவது வேலை: தொலைபேசி

ஓடும்போது தொலைபேசியைக் கையில் வைத்திருந்தால் 200 பவுணும் 6 புள்ளியும். 2022 மார்ச் 25 முதல் படம் எடுப்பதும் பாட்டு மாற்றுவதும்கூட இதற்குள் அடக்கம். சிவப்பு விளக்கில் நின்றாலும் அதே சட்டம்தான். புதுச் சாரதிக்கு ஒரே தடவையில் எல்லாம் போய்விடும். ஆகவே 12 பவுண் தொலைபேசித் தாங்கி வீண் செலவல்ல. வீதியை மறைக்காத இடத்தில், காற்று வரும் துளையில் பூட்டுங்கள்.

காரின் பழைய ரேடியோவுக்கு 15 பவுண் புளூரூத் கருவி ஒன்று செருகினோம். ஓக்ஸ் துளை இருக்கும் கார்களுக்கு அது நல்லது. இல்லாவிட்டால் எப்.எம். அலைவரிசையில் அனுப்பும் சின்னக் கருவிகள் உண்டு. 2006 டிசெம்பர் முதல் குறைந்த சக்தியுள்ளவற்றுக்கு இங்கே அனுமதி உண்டு. லண்டனில் வெற்று அலைவரிசை தேடுவதுதான் பாடு. வண்டியை நிறுத்தி வைத்து எல்லாவற்றையும் தயார்பண்ணிவிட்டு ஓடத் தொடங்குங்கள். இப்போது மனைவி நமது வானொலியின் இரவு நிகழ்ச்சியை இணையத்தின் வழியாகக் காரில் கேட்டபடி வருகிறார். இது எனக்குக் கிடைத்த இலாபம்!

செய்யக்கூடாதவை

நான் விட்ட பிழையையும் சொல்லவேண்டும். ஆசனங்கள் பழசாகத் தெரிந்ததால் 25 பவுணுக்கு இறுக்கமான உறை வாங்கிப் போட்டேன். பிறகுதான் ஆசனத்தின் பக்கத்தில் எஸ்.ஆர்.எஸ். காற்றுப்பை என்று எழுதியிருந்ததைக் கண்டேன். மோதும்போது அந்தப் பை ஆசனத்தின் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வரவேண்டும். சாதாரண உறை அதைத் தடுக்கும். கழற்றி எறிந்தேன்.

பிறேக், ஸ்ரியரிங், காற்றுப்பை, பெற்றோல் குழாய் இவற்றில் கை வைக்கவேண்டாம். ஜக்கில் மட்டும் தூக்கிய காருக்குக் கீழே எக்காரணம் கொண்டும் படுக்கவேண்டாம்.

முன்பக்கக் கதவுக் கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டுவதும் வேண்டாம். 1985 ஏப்ரலுக்குப் பின் வந்த கார்களில் முன்கதவுக் கண்ணாடி 70 வீத ஒளியையும், முன்கண்ணாடி 75 வீத ஒளியையும் விடவேண்டும் என்பது சட்டம்.

காப்புறுதி விடயத்தில் மிகக் கவனம். பழைய பாகத்துக்குப் பதில் அதே தரமான பாகம் போடுவது பராமரிப்பு. அலோய் சில்லு, பெரிய சத்தமுள்ள புகைக்குழாய், கறுப்புத் தாள் இவையெல்லாம் மாற்றம். மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்கவேண்டும். கேட்ட கேள்விக்குக் கவனமின்றிப் பிழையான விடை கொடுத்திருந்தால், 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி இழப்பீட்டைக் குறைக்கவோ, சில வேளைகளில் மறுக்கவோ அவர்களுக்கு இடமுண்டு. ஐயம் இருந்தால் தொலைபேசியில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

கணக்கு

விளக்கு மினுக்கும் பெட்டி: 18 பவுண்
பல்ப் இரண்டு: 16
வைப்பர் சோடி: 17
கபின் பில்ரர்: 9
ரயர் நான்கு: 248
காற்றுமானி: 8
தொலைபேசித் தாங்கி: 12
புளூரூத் கருவி: 15
மொத்தம்: 343
வீணாய்ப்போன ஆசன உறை: 25
எல்லாமாக: 368 பவுண்

புதுக் காருக்கு மாதம் 165 பவுண் கட்டியிருந்தால் இது இரண்டேகால் தவணைக்கும் குறைவு. மினுக்கிய விளக்கு பக்கத்து வீட்டாருக்குத் தெரியும், புது ரயர் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் மூன்றில் இரண்டு பங்குக் காசு ரயருக்கே போயிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

எப்போது நிறுத்துவது என்றும் பலர் கேட்டீர்கள். "இவ்வளவு காசு கொட்டிப்போட்டம், இனி எப்பிடி விடுறது?" என்று யோசிப்பதுதான் கணக்கில் மிகப் பெரிய பிழை. போன காசு போனதுதான். அடுத்த ஒரு வருடம் ஓட இனி எவ்வளவு வேண்டும், அதே காசுக்கு வேறு என்ன கிடைக்கும் என்று மட்டும் பாருங்கள். ஒரு திருத்தச் செலவு காரின் விலையைத் தாண்டினால், அல்லது பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவர முடியாது என்று நம்பிக்கையான மெக்கானிக் சொன்னால், அன்றைக்கே கைகழுவிவிடுங்கள். பெரியப்பாவின் மொறிஸும் கடைசியில் தென்மராட்சியில் ஒரு வீட்டு வளவில்தான் நின்றது. நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த ஏப்ரல் மாதக் கடைசியில் மனைவி மீண்டும் இரவில் ஓடத் தொடங்கினார். முதல் நாள் நான் பக்கத்து ஆசனத்தில் இருந்து போனேன். அதே பாதசாரிக் கடவைக்குக் கிட்ட வந்ததும் காரை மெதுவாக்கினார். கடவையில் ஒருவரும் இல்லை. ஆனால் கம்பங்களின் அடியும், வீதியின் வெள்ளைக் கோடுகளும், அப்பால் நடைபாதையில் நாயோடு நின்ற ஒரு பெண்ணும் தெளிவாகத் தெரிந்தார்கள். "இப்ப தெரியுது" என்றார் மனைவி. அதற்கு மேல் ஒன்றும் கதைக்கவில்லை.

மகள் அந்த வருடம் மார்கழியில் சாரதிப் பரீட்சையில் சித்தியடைந்தாள். இப்போது சில இரவுகளில் அவளே போய்த் தாயை ஏற்றி வருகிறாள்.

நேயர்களே, இந்தக் கிழமை ஒரு பகல்பொழுதில் பத்து நிமிடம் ஒதுக்கி உங்கள் காரைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். சட்டைப்பையில் 20 பென்ஸ் நாணயம் ஒன்று இருந்தால் போதும். கேள்விகள் இருந்தால் வழமைபோல ஞாயிறு காலை நிகழ்ச்சிக்கு அழையுங்கள். அடுத்த மாதம் வேறொரு கணக்கோடு சந்திப்போம்.